பெல்க்கேவுக்கு ஒரு நினைவுப்படம்: வரைய உட்காரும் முன்பும் பின்பும்

இறந்தவர்களின் படம் வரைவதுதான் என் தொழில். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டில் சாவு நடந்தால், பதினாறாம் நாளுக்குள் படம் வேண்டும் என்று யாராவது ஒருவர் ரேஷன் கார்டுப் படத்தையோ கல்யாண ஆல்பத்திலிருந்து கிழித்த மூலையையோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அப்பா காலத்தில் அது நெகடிவ் மேல் பென்சில் பிடித்து ரீடச் செய்கிற வேலை. நான் எண்ணெய் வர்ணத்தில் செய்கிறேன். இப்படி வரும் படங்களில் அவ்வப்போது ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரும் வருவார். அந்த மாதிரி வேலையை எடுத்துக்கொண்டால் எப்படிச் செய்வது என்று இளைய ஓவியர்கள் கேட்பதால், நான் செய்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

சூலூர் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வேலந்தாவளத்தில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஒரு சார் வந்தார். "மாஸ்டர், ஒருத்தர் படம் வேணும். நம்ம சொந்தக்காரர் இல்லை. ஜெர்மன்காரர். 1916ல செத்துப்போனவர்" என்றார். ஓஸ்வால்ட் பெல்க்கே என்று பெயரைச் சொன்னார். முதல் உலகப் போரில் 40 விமானங்களை வீழ்த்தியவர். சாகும்போது வயது 25.

எதிரிப் படைக்காரர் படம் நம்ம வீட்டுச் சுவரில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்தப் படம் அவருக்கு ஏன் வேண்டும் என்று கேட்டேன். நினைவுப்படம் வரைகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். படத்தில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக்கூடாது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கும். வான்சண்டைக்கு முதன்முதலில் விதிமுறை எழுதியவர்களில் பெல்க்கே முக்கியமானவர் என்று சார் சொன்னார். மொத்தம் எட்டு விதி. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். தொடங்கிய தாக்குதலைப் பாதியில் விடாதே. நெருங்கிய பிறகே சுடு. எதிராளி மேலிருந்து கண்ணை எடுக்காதே. இப்படிப் போகும். கடைசி விதி கூட்டாகப் பறப்பதைப் பற்றியது. ஒரே எதிரியை இரண்டு பேர் சேர்ந்து துரத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் உண்டு. 1916 அக்டோபர் 28 அன்று பெல்க்கேவும் அவருடைய நண்பர் எர்வின் பேமேயும் ஒரே ஆங்கில விமானத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு பறந்த ரிக்தோஃபன் என்ற ஜெர்மன் விமானி துரத்திவந்த இன்னொரு ஆங்கில விமானம் குறுக்கே வந்தது. விலகும்போது பேமேயின் விமானச் சக்கரம் பெல்க்கேயின் மேல் சிறகில் உரசியது. சிறகுத் துணி கிழிந்தது. தரையில் மோதிய வேகம் பிழைத்திருக்கக்கூடிய அளவுதான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் அவர் இருக்கை வாரைச் சரியாக மாட்டவில்லை, தலைக்கவசமும் போடவில்லை.

இதைச் சொல்லும்போது சாருக்குக் குரல் கம்மியது. அவர் இளம் பையன்களுக்கு வாரை மாட்டு, வாரை மாட்டு என்று சொல்லியே காலத்தைக் கழித்த மனிதர். ஆக, இது வெற்றிவீரன் படம் இல்லை, தன்னுடைய விதி தன்னையே காப்பாற்றாமல் போன ஓர் ஆசிரியரின் படம் என்று எனக்குப் புரிந்தது. பெல்க்கேயின் அப்பாவும் பள்ளிக்கூட ஆசிரியர்தான்.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் வேலை புகைப்படம் சேர்ப்பது. ஒரே படத்தை நம்பி வரையவே கூடாது. பெல்க்கே விஷயத்தில் படத்துக்குப் பஞ்சமில்லை. போர்க் காலத்தில் பெர்லினில் சாங்கே என்ற பதிப்பகம் விமானிகளின் படங்களை அஞ்சலட்டையாக அச்சடித்து விற்றது. சிறுவர்கள் அதை வாங்கிச் சேர்த்தார்கள். இன்று இணையத்தில் கிடைக்கும் பெல்க்கே படங்களில் பல அந்த அட்டைகளிலிருந்து வந்தவை. ஆனால் விற்பனைக்கு அச்சடித்த அட்டையில் ரீடச் வேலை இருக்கும். தாடைக் கோட்டைக் கூர்மையாக்கியிருப்பார்கள், கண்ணில் ஒளி வைத்திருப்பார்கள், கன்னத்தைச் சமன் செய்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ரீடச் பென்சில் ஓடின கையைப் பார்த்தே வளர்ந்ததால் எனக்கு அது சட்டென்று தெரியும். உங்களுக்குத் தெரிய ஒரு வழி சொல்கிறேன். சாதாரணமாக யாரோ கூட்டத்தில் எடுத்த படம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். விமானத்துக்குப் பக்கத்தில் நிற்பது, நண்பர்களோடு சாப்பாட்டு மேஜையில் இருப்பது, இப்படி. அதையும் அஞ்சலட்டைப் படத்தையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் மாறாமல் இருப்பது அவருடைய முகம். அட்டையில் மட்டும் இருப்பது பதிப்பகத்தின் வேலை.

அடுத்து, படம் எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒரு படத்தில் இருந்து முகத்தையும், இன்னொன்றில் இருந்து சட்டையையும், மூன்றாவதில் இருந்து பதக்கத்தையும் எடுத்து ஒட்டினால், அவர் வாழ்நாளில் எந்த நாளிலும் இல்லாத ஒரு மனிதர் கித்தானில் வந்து நிற்பார். பெல்க்கே படத்துக்கு நாள் குறிப்பது சுலபம். கழுத்தில் நீலச் சிலுவை தொங்கினால் அது 1916 ஜனவரி 12க்குப் பிந்தையது. அன்றுதான் அவருக்கும் மாக்ஸ் இம்மெல்மானுக்கும் பிரஷ்யாவின் உயர்ந்த போர் விருதான பூர் லெ மெரிட் கிடைத்தது. விமானிகளில் அதை முதலில் வாங்கியவர்கள் அந்த இருவர்தான். தோள்பட்டையில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் ஹௌப்ட்மான், அதாவது கேப்டன். அந்தப் பதவி உயர்வு 1916 மே மாதம் வந்தது. ஒரு நட்சத்திரம் என்றால் அதற்கு முன்பு எடுத்தது. நினைவுப்படத்துக்கு நான் எடுத்துக்கொண்டது இரண்டு நட்சத்திரமும் நீலச் சிலுவையும் உள்ள படம். கடைசி ஐந்தாறு மாதத்து முகம் அது.

படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இணையத்தில் இது சகஜம். முதல் வகுப்பு இரும்புச் சிலுவைப் பதக்கம் ரிப்பன் இல்லாமல் அவருடைய இடது மார்பில் குத்தியிருக்கும், நமக்கு வலது பக்கம். விமானிச் சின்னமும் அதே பக்கம்தான்: நீள்வட்டமான வெள்ளி மாலை, மேலே கிரீடம், நடுவில் பறக்கும் ஒற்றைச் சிறகடுக்கு விமானம். இவை எதிர்ப்பக்கம் இருந்தால் படம் இடம் வலமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். திருப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எல்லாருடைய முகத்துக்கும் இரண்டு பாதியும் ஒன்றாக இருப்பதில்லை. திரும்பிய முகத்தை வரைந்தால் அவரை அறிந்தவர்கள் கண்ணில் ஏதோ உறுத்தும்.

உடை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 'ஜெர்மன் விமானி' என்று தேடினால் முதலில் வருவது ரிக்தோஃபன் படம்தான். அவர் குதிரைப்படையான உலான் ரெஜிமெண்டிலிருந்து வந்தவர். விமானிகள் பலர் தங்கள் பழைய ரெஜிமெண்ட் சீருடையையே தொடர்ந்து போட்டார்கள். அதனால் ரிக்தோஃபன் போட்ட இரட்டைப் பொத்தான் வரிசைச் சட்டையை எடுத்து பெல்க்கேவுக்குப் போட்டுவிடக்கூடாது. பெல்க்கே கோப்ளென்ட்ஸ் நகரில் இருந்த மூன்றாவது தந்திப் படைப்பிரிவில் சேர்ந்து அங்கிருந்து விமானத்துக்கு வந்தவர். தொப்பி வைத்து வரைவதானால் தொப்பியில் இரண்டு வட்டக் குறி இருக்கும். மேலே உள்ளது பேரரசுக்கு உரியது: கறுப்பு, வெள்ளை, நடுவில் சிவப்பு. கீழே உள்ளது அவரவர் நாட்டுக்கு உரியது. பிரஷ்யா என்றால் கறுப்பு வெள்ளை கறுப்பு, பவேரியா என்றால் வெள்ளை நீலம் வெள்ளை, வூர்ட்டெம்பெர்க் என்றால் கறுப்பு சிவப்பு கறுப்பு. வேறொரு விமானியை வரையும்போது இது உங்களுக்கு உதவும். நான் தொப்பி இல்லாமலே வரைந்தேன். நெற்றி தெரியட்டும் என்று.

இப்போது வண்ணம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருந்து வண்ணத்தை ஊகிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளி நன்றாகப் பிடிபடும், சிவப்பு பிடிபடாது. அதனால் நீலம் வெளிறிப்போகும், சிவப்பு கறுத்துப்போகும். நம் வீட்டுப் பழைய படங்களில் பாட்டிமார் நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாகத் தெரிகிறதே, அதற்கு இதுதான் காரணம். வானம் வெற்று வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். பெல்க்கேயின் கண் நீலம் என்று அவரோடு இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். படத்தில் அது கண்ணாடி மாதிரி வெளிறித் தெரியும். அப்படியே வரைந்தால் பேய்க்கண் ஆகிவிடும். ஒரு படி இருட்டாக, அல்ட்ராமரினில் கொஞ்சம் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பல் நீலமாக வையுங்கள். உதடும் கன்னமும் படத்தில் இருப்பதைவிட ஒரு படி வெளிச்சமாக வர வேண்டும். முகத்தில் இருக்கும் புள்ளிகளையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அவை சிவப்பென்பதால் தகட்டில் மிகையாக விழுந்திருக்கும்.

சார் வீட்டுப் பேரன் ஏதோ ஒரு செயலியில் போட்டு வண்ணம் ஏற்றிய படத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். பளபளவென்று இருந்தது. ஆனால் கழுத்துச் சிலுவை கறுப்பாக வந்திருந்தது, சட்டை நம் போலீஸ் காக்கி ஆகியிருந்தது, உதட்டோரத்தில் அவர் சிரிக்காத ஒரு சிரிப்பு. "இதைப் பார்த்துப் போட்டுடலாமே மாமா" என்றான். செயலிக்கு இந்த மனிதரைத் தெரியாது, ஆயிரம் பேர் முகத்தைப் பார்த்துச் சராசரியாக ஒன்றைத் தருகிறது, அவ்வளவுதான் என்று அவனிடம் சொன்னேன். மங்கிய படத்தில் மடிப்பு எது, கறை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் செயலி உதவும். முகத்துக்கு வேண்டாம்.

கித்தான் 18க்கு 24 அங்குலம் எடுத்தேன். தலை, உச்சியிலிருந்து முகவாய் வரை, ஏழு அல்லது ஏழரை அங்குலம். இது நிஜத் தலையைவிடச் சற்றுச் சின்னது. நிஜ அளவைத் தாண்டினால் கட்-அவுட் வாசனை வந்துவிடும். நினைவுப்படம் அறைக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, கித்தானில் ஓர் அங்குலக் கட்டம் போட்டு, கண், மூக்கடி, வாய்க்கோடு மூன்றையும் முதலில் நிறுத்துங்கள். கட்டம் போடுவதைக் கேவலமாக நினைக்கிற பையன்கள் இருக்கிறார்கள். இறந்தவர் நேரில் வந்து உட்காரப்போவதில்லை. அளவு ஒன்றுதான் நமக்கு இருக்கிற பிடி.

தோல் நிறம் நம் ஆட்களுக்குச் சிரமம் கொடுக்கும். நாம் பர்ன்ட் சியன்னாவும் யெல்லோ ஆக்கரும் கலந்து பழகியவர்கள். வெள்ளைத் தோல் என்றதும் டைட்டானியம் ஒயிட்டை அள்ளிப் பூசிவிடுவோம், முகம் சுண்ணாம்பு ஆகிவிடும். அடிப்படைக்கு வெள்ளை, ஆக்கர், துளி வெர்மிலியன். நிழலுக்கு பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரின் சேர்த்துக் குளிர்ந்த சாம்பல். மூக்கு நுனி, கன்ன மேடு, காது மடல் மூன்றிலும் சிவப்பு ஒரு படி கூடட்டும். திறந்த இருக்கையில் உட்கார்ந்து, பனிக்காற்றில் பறந்தவர். அவர் முன்பு ஓட்டிய ஃபோக்கர் ஒற்றைச் சிறகடுக்கு விமானத்தின் சுழல் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் மசகு. அந்த எண்ணெய் பின்னால் தெறிக்கும். அந்த முகத்தை மாவு பூசினது போலச் செய்வது அநியாயம்.

சீருடையின் சாம்பல் பச்சைக்குக் கடையில் தனிக் குழாய் தேட வேண்டாம். ஐவரி பிளாக்கில் யெல்லோ ஆக்கர் கலந்தால் தானே பச்சை தட்டும். அதில் வெள்ளை, கொஞ்சம் அல்ட்ராமரின். கேமல் வர்ணத்திலேயே இது சரியாக வந்தது. முழுச் சட்டையையும் ஒரே கலவையில் நிரப்பாதீர்கள். தோளில் வெளிறியும் அக்குளுக்குப் பக்கம் பச்சை கூடியும் இருக்கட்டும். துணி வெயிலில் நிறம் மாறும்.

பூர் லெ மெரிட் சிலுவைக்கு நேரம் கொடுங்கள். படத்தில் பார்க்கிறவர் கண் முகத்துக்கு அடுத்து அங்கேதான் போகும். மால்டா வடிவச் சிலுவை, ஆழ்ந்த நீல எனாமல், நான்கு கைகளுக்கு இடையிலும் பொன் கழுகுகள். மேல் கையில் கிரீடமும் மன்னர் ஃபிரெடரிக்கின் முதலெழுத்தும், மற்ற மூன்று கைகளில் விருதின் பெயர் பிரெஞ்சு மொழியில். 1740ல் இரண்டாம் ஃபிரெடரிக் ஏற்படுத்திய விருது. ரிப்பன் கறுப்பு, ஓரத்தில் வெள்ளிக் கோடு. இந்த அளவில் எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுத முயற்சி செய்ய வேண்டாம். பொன் புள்ளிகளாக விழுந்தால் போதும், தூரத்தில் எழுத்தாகிவிடும். நீலத்துக்கு முதலில் கறுப்பு கலந்த அல்ட்ராமரின் பூசி, காய்ந்ததும் மேலே தெளிந்த அல்ட்ராமரினை எண்ணெயில் கரைத்து மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். எனாமலின் ஆழம் வரும். பொன்னுக்குத் தங்கப் பெயிண்ட் வேண்டாம், சில வருடத்தில் கறுத்துவிடும். ஆக்கரும் பர்ன்ட் அம்பரும், ஒளிபடும் இடத்தில் வெள்ளை கலந்த மஞ்சளும் போதும்.

பின்னணி பற்றி சாரோடு கொஞ்சம் வாதம் நடந்தது. பின்னால் அல்பட்ராஸ் விமானம் எரிந்து விழுவது போல வேண்டும் என்றார். அவர் விமானம் எரியவில்லை சார், சிறகு போனதால்தான் விழுந்தது, நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஒண்ணும் வேண்டாம்" என்றார். பழுப்புச் சாம்பலில் வெறும் பின்னணி, முகத்தின் இருட்டுப் பக்கத்தில் வெளிச்சம், வெளிச்சப் பக்கத்தில் இருட்டு. அவர் பெற்ற எதையும் குறைக்காதீர்கள், பெறாத எதையும் கூட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதைத்தான். 1915ல் பிரான்சில் கால்வாயில் முழுகிய ஒரு பிரெஞ்சுச் சிறுவனை உடையோடு குதித்துக் காப்பாற்றியவர் அவர். அதற்கு உயிர்காப்புப் பதக்கமும் வாங்கியவர். நாம் தீயையும் புகையையும் சேர்த்துத்தான் அவரைப் பெரியவராக்க வேண்டும் என்றில்லை.

ஸ்வஸ்திகா பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் புதுப் படச்சட்டம் மாட்டினால் மூலையில் குங்குமத்தால் ஸ்வஸ்திகா போடுவது வழக்கம். இந்தப் படத்துக்கு அது கூடாது. பெல்க்கே இறந்தது 1916ல். நாஜிக் கட்சி அந்தக் குறியைக் கொடியில் ஏற்றியது 1920ல். அவர் காலத்து ஜெர்மன் விமானத்தில் படை அடையாளமாக இருந்தது இரும்புச் சிலுவை. பிற்பாடு நாஜிகள் தங்கள் விமானப்படைப் பிரிவு ஒன்றுக்கு அவர் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஆகவே படத்தின் அருகில் அந்தக் குறி இருந்தால், நாம் பக்தியோடு போட்டாலும், பார்ப்பவருக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். செத்த மனிதர் எழுந்து வந்து விளக்க முடியாது. சாரின் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சந்தனம் மட்டும் வைக்கட்டுமா?" என்று கேட்டார். தாராளமாக வையுங்கள் அக்கா என்றேன். மாலையும் போடலாம். பெல்க்கே இறந்த செய்தி கேட்டதும் ஆங்கில விமானப்படையினர் ஜெர்மன் படையின் பகுதிக்குள் பறந்து வந்து ஒரு மலர்வளையத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்களுடைய வீரமும் பெருந்தன்மையும் கொண்ட எதிரிக்கு என்று அதில் எழுதியிருந்தது. எதிரிகளே மாலை போட்டவருக்கு வேலந்தாவளத்தில் ஒரு மாலை விழுவதில் தப்பில்லை.

பெயர்ப்பலகையில் பெயர், பதவி, பிறந்த நாள் 19.5.1891, மறைந்த நாள் 28.10.1916. அவ்வளவு போதும். சார் தமிழிலும் ஒரு வரி கேட்டார், 'போரில் வானில் மாண்டவர்' என்று எழுதினோம். கித்தானின் பின்பக்கத்தில் எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது, எந்த ஆண்டு வரைந்தது, யார் வரைந்தது என்று பென்சிலில் எழுதிவையுங்கள். ஐம்பது வருடம் கழித்து அந்த வீட்டில் இருப்பவருக்கு இது யார் என்று தெரியாமல் போகலாம்.

கடைசியாகக் காயவைப்பது. இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், எண்ணெய் வர்ணம் காயவே காயாது, கித்தான் முதுகில் பூஞ்சை பூக்கும். மார்கழி, தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது சீக்கிரம் காயும், ஆனால் தூசி ஒட்டும். ஈரப் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். அடிப் பூச்சில் டர்பன்டைன் கூடுதல், மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் கூடுதல். இந்த வரிசை மாறினால் வெடிப்பு விழும். அக்டோபர் 28க்குள் கொடுக்க வேண்டுமென்றால் சித்திரையிலேயே தொடங்குங்கள். அப்போதும் இறுதி வார்னிஷ் பூச முடியாது, அதற்கு வர்ணம் ஆறு மாதமாவது காய வேண்டும். துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை ஈரத்தில் பூசினால் வெள்ளை படரும். அதனால் ரீடச்சிங் வார்னிஷ் மட்டும் மெல்லியதாக அடித்துக் கொடுத்துவிடுங்கள். சட்டத்தின் பின் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து விரல் அளவு விலக்கி மாட்டச் சொல்லுங்கள், இங்கே செங்கல் சுவரெல்லாம் மழையில் ஈரம் வாங்கும். விளக்கு வைப்பதானால் படத்துக்கு நேர் கீழே வேண்டாம், புகை ஏறும். மாசி மாத வெயிலில் ஒரு நாள் நீங்களே அந்த வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கழற்றித் தூசி தட்டி, இறுதி வார்னிஷ் பூசிக் கொடுங்கள். கூலியில் பாக்கி இருந்தால் அன்று வாங்கிக்கொள்ளலாம்.